குரக்கன் அரைத்த அறையும் என் நெற்றித் திருநீறும்

இதை எழுத வேணும் என்று நினைத்துவிட்டு எழுதாமல் விட்ட வருசங்கள் கனக்க. பேனையை எடுப்பேன், முதல் வரியிலேயே கை நின்றுவிடும். வாயால் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லி முடிய முதலே கேட்கிறவர்கள் இதற்கு ஒரு முடிவு வைத்துவிடுவார்கள். கோயிலில் ஒருவர், "முருகன் உங்களைக் காப்பாத்திப் போட்டான், பாத்தியளோ" என்று கும்பிட்டார். எங்கள் தெருவில் இன்னொருவர், "உங்கட விபூதியாலை ஒரு ஆராய்ச்சியே பாழாப் போச்சுதாம்" என்று சிரிச்சார். இரண்டும் நான் சொன்னதில்லை.

போன மாதம், நான் முந்தி வேலை செய்த ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று தொலைபேசியில் கேட்டது: "அங்கிள், அரைக்கிற அறையை மூடிப்போட்டினம். இப்ப எல்லாம் மூடின மெஷின்தான். முந்தி கையாலை எப்பிடிச் செய்தனீங்கள்?" அந்தக் கேள்விக்குப் பிறகும் எழுதாமல் இருந்தால் சரியில்லை என்று பட்டது.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அகதியாக இங்கிலாந்துக்கு வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாரணைக்கு மேல் விசாரணையாக அலைந்து, விசா கிடைத்தபிறகு பெற்றோல் ஸ்டேசனில் நின்றேன். பிறகு லண்டனுக்குள் ஒரு ஆய்வுகூடத்தில் நிலம் துடைக்கிற வேலை. துடைக்கிறவன் கவனமாகத் துடைக்கிறான் என்று கண்டு போத்தல் கழுவ விட்டார்கள். போத்தல் கழுவியவனை மாவரைக்க விட்டார்கள். அவ்வளவுதான் என்ரை பயிற்சிக்காலம். மனோர் பார்க்கில் ரயில் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பஸ் பிடித்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன்.

அங்கே என்ன வேலை என்று சொல்ல வேணும். நாங்கள் குரக்கன் என்கிறதை இந்தியாக்காரர் கேழ்வரகு என்பார்கள். அதில் பல இனங்களை எடுத்து, தமிழ்நாட்டில் மழை குறைந்த ஒரு இடத்திலும், உகண்டாவிலும், நேபாள மலையிலும் ஒரே மாதிரி விதைப்பார்கள். எந்த இனம் எங்கே எவ்வளவு விளைகிறது, அந்தத் தானியத்துக்குள் கல்சியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். விளைச்சலை அங்கங்கே நிறுத்து எழுதுவார்கள். தானியம் சின்னச் சின்னக் கடித உறைகளில் எங்களிடம் வரும். உறையில் பெயர் இருக்காது, நம்பர்தான். எது எந்த இனம் என்று அரைக்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். ஆனால் வருசக்கணக்காகப் பார்த்தால் மனதுக்கு ஒரு நம்பரைப் பிடித்துவிடும். எனக்கு ஒன்பதைப் பிடிக்கும்.

எங்கள் பொறுப்பாளர் டொக்டர் மார்கரெட். ஸ்கொட்லாந்துக்காரி, மெலிந்த ஆள், எப்போதும் கம்பளிச் சட்டை. "மார்கரெட் என்று கூப்பிடுங்கள்" என்று எத்தனையோ தரம் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை, கடைசிவரை டொக்டர்தான். ஒருநாள் அவரிடம் கேட்டேன், "ஒன்பது எங்கேயும் முதலாவதா வரேல்லை, பிறகேன் நல்லது எண்டுறீங்கள்?" என்று. அவர் சொன்னார்: "ஒரு பிள்ளை ஒரு வருசம் வகுப்பில் முதலாவது, அடுத்த வருசம் பெயில். இன்னொரு பிள்ளை ஒவ்வொரு வருசமும் நடுவில் வந்து பாஸ் பண்ணும். மழை வருமோ தெரியாத ஊரில், வீட்டில் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கலாம் என்றால் எதை வைத்திருப்பீர்கள்?" நான் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியேல்லை டொக்டர்" என்றேன். "எனக்கும் முழுக்கத் தெரியாது, அதுதான் அளக்கிறோம்" என்றார்.

அவரிடம் நான் கண்ட பெரிய குணம் இதுதான். தெரியாது என்பதைத் தலை குனியாமல் சொல்லுவார். ஊரில் எங்கள் வாத்தியார்மாரிடமோ டொக்டர்மாரிடமோ அந்தச் சொல்லை நான் கேட்டதே கிடையாது. முதலில் எனக்கு அது குழப்பமாக இருந்தது. தெரியாத ஆளுக்குக் கீழே வேலை செய்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

அரைக்கிற அறைக்குள் போவதற்கு ஒரு முறை உண்டு. மோதிரம், மணிக்கூடு கழற்ற வேணும். உள்ளுக்கு மா தடவின கையுறை ஆகாது, அந்த மாவே கணக்கைக் கெடுத்துவிடும். உறையைத் திறந்து பாதியை வேறொரு உறையில் போட்டு ஒட்டி வைக்க வேணும். அந்த மற்றப் பாதியை ஒருவரும் தொடப்படாது. பிறகு தானியத்தை அடுப்பில் காயவைத்து, கிண்ணத்துக்குள் போட்டு, வெள்ளைக் கல்லுப் போன்ற குண்டுகளோடு உருட்டி அரைக்க வேணும். இரும்பை அளக்கிற இடத்தில் இரும்பு படக்கூடாது என்பதால்தான் அந்தக் குண்டு. ஒன்று முடிந்தால் தூரிகையால் துடைத்து, அடுத்த தானியத்தில் ஒரு நுள்ளு அரைத்து அதைக் கொட்டிவிட்டுத்தான் மிச்சத்தை அரைப்பது. அந்த நுள்ளு மாவைக் குப்பையில் போடும்போது முதலில் எனக்கு மனம் கூசும். சோறு கொட்டுகிற மாதிரி.

நான் திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத ஆள். அரைக்கிற அறையில் முதல் நாள், டொக்டர் என் நெற்றியைப் பார்த்தபடி நின்றார்.

"நடா, அது என்ன?"

"சாமியின்ரை சாம்பல், டொக்டர்."

"எதை எரித்த சாம்பல்?"

சொல்ல வெட்கமாக இருந்தது. "பசுச் சாணம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "எனக்குக் கொஞ்சம் தருவீர்களா?" என்று கேட்டார். அடுத்த நாள் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளக்கிற மெஷினைப் பார்க்கிறவன் பியோத்தர் என்ற போலந்துக்காரன், பெருத்த உடம்பு, பெருத்த பகிடிக்காரன். அவன் அதை அமிலத்தில் கரைத்து மெஷினுக்குள் விட்டான். திரையில் கல்சியம் கோடு கூரையைத் தொட்டது.

"நடா! உன்ரை கடவுளிலை இவ்வளவு கல்சியமோ? நீ இனிப் பால் குடிக்கத் தேவையில்லை, நெற்றியை நக்கு" என்றான். அவனுடைய அம்மா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவ, அதனால் அவன் சொன்னது எனக்கு நோகவில்லை.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பூச வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கதவுக்கு உள்ளே அது வரக்கூடாது. வெளியே உங்கள் விருப்பம்." அடுத்த கிழமை நான் போனபோது அறைக் கதவுக்கு வெளியே ஒரு சின்னத் தட்டு அடித்திருந்தது, மேலே ஒரு கண்ணாடி. ஒரு பக்கம் ஈரத் துடைப்பான், மறு பக்கம் என்ரை திருநீற்று டப்பா வைக்க இடம். ஆணி அடித்தது டொக்டர்தானாம், பியோத்தர் சொன்னான். போகும்போது துடைப்பேன், வரும்போது பூசுவேன். துடைக்கிறது பாவமோ என்று மனோர் பார்க் கோயில் ஐயரைக் கேட்டேன். "பூசினது பூசினதுதான். நீர் வேலையைப் பாரும்" என்றார்.

இப்படி வருசங்கள் ஓடின. பிறகு 2009 வந்தது.

அந்த வருசம் எங்கட சனத்துக்கு என்ன வருசம் என்று நான் எழுதத் தேவையில்லை. மனைவி கமலாவின் தங்கை குடும்பம் வன்னிக்குள் நின்றது. தொலைபேசி இல்லை, தகவல் இல்லை. சித்திரை வைகாசி முழுக்க வேலை முடிய நேரே பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், போரை நிறுத்தச் சொல்லிக் கூடின சனத்தோடு நிற்பேன், அங்கேயிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. கமலா என் நெற்றியில் மட்டுமில்லை, தலையில், நெஞ்சில், சட்டைப் பையிலும் திருநீறு வைப்பா. "அவையளுக்காக" என்பா. நான் ஏன் என்று கேட்பதில்லை.

வைகாசியில் ஒரு கிழமை தமிழ்நாட்டு உறைகளையும் உகண்டாவின் கடைசி மூன்று உறைகளையும் அரைத்தேன். தமிழ்நாட்டுத் தானியம் வழமையான சிவப்பில்லாமல் மங்கலாக இருந்தது. அந்த ஊர்ப் புழுதி என்று நினைத்தேன்.

அளந்து பார்த்தால் அந்தக் கிழமை அரைத்தது எல்லாவற்றிலும் கல்சியம் ஏறி நின்றது. ஒரு இனம் ஏறினால் சந்தோசம். எல்லா இனமும் சேர்ந்து ஏறினால் அது தானியத்தின் குணம் இல்லை, வேறு ஏதோ கலந்திருக்கிறது. பியோத்தர் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "நடா, உன்ரை கடவுள் மெஷினுக்குள்ளை வந்திட்டார்" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

மேலதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். "அந்த அறைக்குள் போனது யார்?" என்று கேட்டார். நான் ஒருவன்தான். "அப்படியென்றால் இவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள். இதுதான் கடைசிப் பருவம், இன்னொரு தரம் விதைக்க வழியில்லை" என்றார். என்ரை வேலை போவது ஒன்று. மூன்று நாட்டில் சனம் வெயிலில் நின்று விளைவித்ததை என் நெற்றி கெடுத்தது என்றால், அந்தப் பழியோடு நான் எப்படி முருகனுக்கு முன்னால் நிற்பது?

டொக்டர் சொன்னார், "என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு மாற்றுவோம். அதுவரை அவர் அரைக்க வேண்டாம், ஆனால் இங்கேயே இருக்கட்டும்."

வீட்டில் கமலா விடவில்லை.

"இஞ்சருங்கோ, வடிவா யோசியுங்கோ. உள்ளை போகேக்கை துடைச்சனீங்களோ, இல்லையோ?"

"துடைச்சிருப்பன்."

"இருப்பன் எண்டால்?"

"ஞாபகம் இல்லையப்பா. ஆனால் கை துடைச்சிருக்கும். கைக்கு அது பழக்கம்."

"அப்ப கையைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டைச் சாட்சி சொல்லச் சொல்லுங்கோ" என்றுவிட்டு அழத் தொடங்கிவிட்டா. அழுதது எனக்காகவோ தங்கைக்காகவோ தெரியவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லா அழுகையும் ஒன்றாகத்தான் இருந்தது.

டொக்டர் என்னிடம் "துடைத்தீர்களா" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒட்டி வைத்த மற்றப் பாதிகளை எடுத்தார். தமிழ்நாட்டு உறைகளில் கொஞ்சத்தை முதலில் பியோத்தரைக்கொண்டு அரைப்பித்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கல்சியம் இப்போதும் அதே உயரம். நான் அரைக்காத பாதியிலும் ஏறி நிற்கிறது என்றால் அது அறையில் கலந்ததில்லை, வரும்போதே வந்தது. பியோத்தர் வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

தமிழ்நாட்டில் விதைத்த ஆராய்ச்சி நிலையத்தின் அதிகாரிக்கு டொக்டர் எழுதிக் கேட்டார். எல்லாம் முறைப்படி நடந்தது என்று பதில் வந்தது. "நடா, அங்கே தானியத்தைக் கையால் எடுத்து உறையில் போட்டவரோடு நீங்கள் பேசுவீர்களா? உங்கள் மொழிதானே" என்றார். அவருடைய அறையில், தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து எடுத்தோம். வயலைப் பார்க்கிறவர், பெயர் மாரிமுத்து.

"சொல்லுங்க சார்... லண்டன்லேர்ந்தா? தமிழ்ல பேசுறீங்க! நீங்க சிலோன்காரரா?"

"ஓம் அண்ணை."

பிறகு அந்த மனிசன் கேட்டார், "டிவில பாத்துக்கிட்டேதான் இருக்கோம். வீட்ல எல்லாரும் பத்திரமா இருக்காங்களா சார்?"

டொக்டர், "என்ன சொல்கிறார்?" என்றார். "என்ரை குடும்பத்தைக் கேக்கிறார்" என்றேன். "அப்படியானால் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்" என்றுவிட்டு, கதிரையை நகர்த்தி யன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

கமலாவின் தங்கை குடும்பம் எங்கே என்று தெரியாது என்றேன். "சாமி கைவிடாது சார்" என்றார் அவர். பிறகுதான் தானியத்தைப் பற்றிக் கேட்டேன். மனிசனுக்குக் குரல் நிமிர்ந்துவிட்டது.

"போன வருசம் நாங்க அனுப்புனதுல வண்டு இருந்துச்சுன்னு அங்கேர்ந்து எழுதியிருந்தீங்களாம். அய்யா என்னைப் புடிச்சு ஏசிட்டாரு. அதான் இந்த வாட்டி எருமுட்டைச் சாம்பலைச் சலிச்சு, தானியத்தோட பெரட்டி வச்சுட்டேன். எங்க வீட்ல விதையெல்லாம் அப்படித்தான் வைப்போம். அனுப்புறப்ப நல்லாப் பொடைச்சுத்தான் அனுப்புனேன். ஒரு வண்டு இருந்துச்சா சொல்லுங்க?"

வண்டு இருக்கவில்லை. போன வருசம் வண்டைக் கண்டு டொக்டரிடம் சொன்னதும் நான்தான்.

என் உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் இறங்கியது. உடனேயே அந்த ஆறுதலில் ஒரு அருவருப்பு. இந்த மனிசன் என்ரை சனத்துக்காகச் சாமியை நினைத்த வாயாலேயே என்னை விடுவித்துவிட்டு, தான் மாட்டிக்கொண்டார். என் பேச்சு நின்றதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏன் சார், தப்பாயிடுச்சா? அய்யாகிட்ட சொல்லிடாதீங்க சார். இப்பதான் நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க."

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். பாதியை மட்டும் மொழிபெயர்க்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எந்தப் பாதியை என்று தெரியவில்லை. சாம்பலையும் சொன்னேன், வண்டையும் சொன்னேன், கடைசியாகக் கேட்டதையும் அப்படியே சொன்னேன்.

டொக்டர் சொன்னார்: "சாம்பல் போடக்கூடாது என்று நாங்கள் அவருக்கு ஒருபோதும் சொல்லவில்லை. வண்டு கூடாது என்றுதான் சொன்னோம். அவர் நாங்கள் கேட்டதைச் செய்திருக்கிறார் என்று சொல்லுங்கள்." நான் சொன்னேன். அங்கே பெரிய மூச்சு ஒன்று கேட்டது. டொக்டர் நிலையத்துக்கு எழுதியதில் மாரிமுத்துவின் பெயர் இல்லை, எங்கள் அறிவுறுத்தலில் குறை இருந்தது என்றே எழுதினார். சில மாதம் கழித்து அந்த நம்பருக்கு நானாக எடுத்துப் பார்த்தேன். யாரோ எடுத்து, "மாரிமுத்து வயலுக்குப் போயிருக்காரு" என்றார்கள். அது போதும் என்று வைத்துவிட்டேன்.

மாரிமுத்து அனுப்பியதில் அரைக்காமல் மிச்சம் இருந்த தானியத்தைக் கழுவி, காயவைத்து, திரும்ப அரைத்தார்கள். கல்சியம் இறங்கியது. கழுவும்போது வேறு ஏதாவது சேர்ந்து போயிருக்கலாம் என்பதால் அந்தக் கணக்குகளுக்குப் பக்கத்தில் டொக்டர் நட்சத்திரக் குறி போட்டார். ஒன்பது அந்தக் குறியோடு அடுத்த கட்டத்துக்குத் தெரிவானது. கதையை இவ்வளவோடு நிறுத்தினால் கோயிலில் கேட்கிறவர்களுக்கு நல்ல கதை. நானும் பல தரம் இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் உகண்டாவின் மூன்று உறைகள் மிச்சம் இருந்தன. உகண்டாவில் ஒருவரும் சாம்பல் போடவில்லை என்று அங்குள்ள நிலையத்தார் விசாரித்து எழுதிவிட்டார்கள். அந்த மூன்றின் மற்றப் பாதியையும் பியோத்தர் அரைத்தான். கல்சியம் சரியான அளவில் நின்றது. நான் அரைத்த பாதியில் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. கூரையைத் தொடவில்லை, கொஞ்சம்தான்.

பியோத்தர் அந்தத் தாளை என்னிடம் காட்டினபோது பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டொக்டரிடம் நானே போனேன். "டொக்டர், அந்தக் கிழமை என்ரை தலையெல்லாம் திருநீறு. நெற்றியைத் துடைச்சிருப்பன். தலை எனக்குத் தெரியாது. சட்டைப் பையையும் தெரியாது."

அவர் தாளை நிறைய நேரம் பார்த்தார். "தமிழ்நாட்டுத் தானியத்துக்கு அடுத்ததாக இவற்றை அரைத்தீர்கள். அந்தச் சாம்பல் கிண்ணத்தில் ஒட்டியிருந்து இதில் வந்திருக்கலாம். தூரிகையில் இருந்திருக்கலாம். உங்களுடையதாகவும் இருக்கலாம். இரண்டுமே சாணச் சாம்பல், மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குத் தெரியாது, நடா. தெரிய வழியும் இல்லை."

அந்த மூன்று கணக்கையும் அடித்துவிட்டு, மற்றப் பாதியின் கணக்கை எழுதினார். காரணத்தை, அறையில் கலந்தது, எங்கிருந்தென்று தெரியாது என்று எழுதினார். மேலதிகாரியிடமும் அதையே சொன்னார். என்னை அடுத்த திங்கள் திரும்ப அரைக்க விட்டார். ஒரு துணித் தொப்பியும் பையில்லாத மேற்சட்டையும் தந்தார். கதவுக்கு வெளியே தட்டு அப்படியே இருந்தது, டப்பாவும் இருந்தது.

அவர் அன்றைக்குச் செய்தது இரக்கமோ, இல்லை அவருடைய தொழிலின் நேர்மையோ, நான் இன்னும் யோசிக்கிறேன். அன்று பின்னேரம் கோயிலுக்குப் போய் முருகனுக்கு முன்னால் நின்று கேட்டேன்: "மாரிமுத்துவின்ரை சாம்பலோ, உன்ரை நீறோ? நீ எல்லாம் அறிவாய். எனக்கு ஒருக்காச் சொல்லன்." ஐயர் வழமைபோல் கையில் ஒரு நுள்ளுத் திருநீறு போட்டார். பூசினேன். வேறு பதில் வரவில்லை.

கமலாவின் தங்கையும் பிள்ளைகளும் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று பிறகு தகவல் வந்தது. தங்கையின் புருசனைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. இறந்தார் என்று எழுதித் தரச் சொல்லி அங்கே அரச அதிகாரிகள் கேட்டார்களாம், அவ எழுத மறுத்துவிட்டா. டொக்டருடைய சொல் எனக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. தெரியாததைத் தெரியாது என்று வைத்திருக்கிறதும் ஒரு வேலைதான். அதற்குப் பெலன் வேணும்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு மன்றாட்டம். பிடித்திருந்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. முருகன் காப்பாற்றினான் என்று முடிக்காதேங்கோ, என்ரை திருநீறுதான் கெடுத்தது என்றும் முடிக்காதேங்கோ. மாரிமுத்து கேட்டதைச் செய்தவர் என்பதை விடாமல் சொல்லுங்கோ. உகண்டாவின் அந்த மூன்று உறைகளிடம் வரும்போது, டொக்டர் மார்கரெட் சொன்ன மாதிரி, தெரியாது என்றே சொல்லுங்கோ. அந்தச் சொல்லை மட்டும் கழுவிப் போடாதேங்கோ.